பாந்தர் என்றால் எது?

ஆங்கில பாஷையில் "பாந்தர்" என்பதாக ஒரு வார்த்தை இருக்கின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால் "சிறுத்தை" என்று சொல்லிவிடும். ஆனால் அதே வார்த்தையை அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்துக்காரனிடம் சொன்னால் அவன் நினைப்பது வேறொரு மிருகம். பழைய ஜெர்மன் சிப்பாயிடம் சொன்னால் அவன் நினைப்பது ஓர் இரும்பு வண்டி. சினிமாக் கொட்டகைக்குப் போகின்றவனுக்கு அது ஒரு வைரக்கல். அலபாமாவில் பருத்திக் காட்டுக் கூலிக்கு அது ஓட்டுச் சீட்டில் இருந்த படம். பம்பாயில் சேரி வாலிபனுக்கு அது ஒரு சங்கத்தின் பேர். ஆகவே வார்த்தை ஒன்றுதான். அதை வாயில் வைத்திருக்கின்ற ஆள் மாற மாறப் பொருளும் மாறிக் கொண்டே வந்திருக்கின்றது.

ஒரு காட்டு மிருகத்தின் பேரைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று சில தோழர்கள் நினைக்கலாம். சொல்லுகின்றோம். வார்த்தைக்கும் அதன் அர்த்தத்துக்கும் உள்ள சம்பந்தம் மனிதன் ஏற்படுத்தியதல்ல, அது அநாதி, நித்தியம் என்று மீமாம்சைக்காரர்கள் ஒரு சாஸ்திரமே செய்து வைத்திருக்கின்றார்கள். வேதம் ஒருவராலும் செய்யப்பட்டதல்ல என்பதற்கு அதுதான் அஸ்திவாரம். வார்த்தை நித்தியம் என்றால் வேதம் நித்தியம். வேதம் நித்தியம் என்றால் பிராமணன், சூத்திரன், சண்டாளன் என்கின்ற பேர்களும் நித்தியம். இவ்வளவு பெரிய கட்டடம் நிற்கின்ற அஸ்திவாரத்தை ஒரு மிருகத்தின் பேரை வைத்துத் தட்டிப் பார்த்தால் என்ன சப்தம் வருகின்றது என்று பார்ப்போமே.

முதலில் வார்த்தை வந்த வழி. இது கிரேக்க பாஷையில் இருந்து லத்தீனுக்குப் போய் அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்தது. கிரேக்கத்தில் "பான்" என்றால் எல்லாம். "தேர்" என்றால் மிருகம். உடனே பண்டிதர்கள், "எல்லா மிருகம் என்று பேர் இருப்பதால் இது எல்லா மிருகத்துக்கும் சினேகிதன்" என்று கதை கட்டிவிட்டார்கள். இன்றைய பாஷை ஆராய்ச்சிக்காரர்கள் இந்தப் பதப்பிரிப்பை ஒப்புக்கொள்ளுவதில்லை. ஓசை ஒத்திருப்பதைக் கொண்டு பின்னால் ஒட்ட வைத்த பொருள் என்றே சொல்லுகின்றார்கள். ஆனால் கதை நின்றுவிட்டது. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த பிளினி என்பவர், இதன் வாசனைக்கு மற்ற மிருகங்கள் மயங்கி வரும், முகத்தைக் கண்டு பயப்படும் என்பதால் தலையை மறைத்துக் கொள்ளும் என்று எழுதினார். அதற்குப் பின் வந்த கிறிஸ்தவப் பாதிரிகள் ஒரு படி மேலே போனார்கள். வயிறு நிறையத் தின்றுவிட்டு இந்த மிருகம் மூன்று நாள் தூங்குமாம். எழுந்து கர்ஜிக்கும்போது வாயில் இருந்து நறுமணம் வீசுமாம். எல்லா மிருகமும் அந்த மணத்தைத் தொடர்ந்து போகுமாம். டிராகன் என்கின்ற சர்ப்பம் மட்டும் பயந்து வளைக்குள் ஓடிவிடுமாம். ஆகையால் பாந்தர் என்பது மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவாம், சர்ப்பம் சைத்தானாம்! பச்சை மாமிசம் தின்கின்ற ஒரு மிருகத்தின் வாயில் என்ன மணம் வீசும் என்று பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தவன் ஒருவனும் இல்லை. நூற்றுக்கணக்கான வருஷம் படங்கூடப் போட்டுப் படித்துக் கொண்டிருந்தார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்கின்ற நம் ஊர் ஆஸ்திகர்கள் தங்கள் ஸ்தல புராணங்களைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். தேவாரத்தில் குடமூக்கு என்று இருந்த ஊர் கும்பகோணம் ஆயிற்று. பிரளயத்தில் குடம் மிதந்து வந்து தங்கியது, சிவன் அம்பு விட்டு உடைத்தான், அமுதம் வழிந்தது என்று பேருக்குத் தகுந்த கதை தயாராக இருக்கின்றது. பிளினியும் நம் புராணிகரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான்.

இதைவிட வேடிக்கை இந்த மிருகத்தின் மற்றொரு இங்கிலீஷ் பேரான "லெப்பர்ட்" என்பதில் இருக்கின்றது. "லியோ" என்றால் சிங்கம். "பார்டு" என்றால் புள்ளி போட்ட புலி. சிங்கமும் பார்டும் ஜாதி தவறிச் சேர்ந்து பெற்ற கலப்புப் பிள்ளைதான் லெப்பர்ட் என்று அந்தக் காலத்து அறிவாளிகள் நம்பினார்கள். அப்படி ஒரு கலப்பில் இந்த மிருகம் பிறக்கவே இல்லை. சிறுத்தைக்குத் தாயும் சிறுத்தை, தகப்பனும் சிறுத்தை. ஆனாலும் பொய்யான பிறப்புக் கதையைத் தாங்கிய பேர் அகராதியில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கின்றது. மனுதர்ம சாஸ்திரம் பத்தாம் அத்தியாயத்தில் இன்ன ஜாதி ஆணும் இன்ன ஜாதிப் பெண்ணும் கலந்ததில் இன்ன ஜாதி பிறந்தது, சூத்திரனுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறந்தவன் சண்டாளன் என்று பட்டியல் போட்டிருக்கின்றதே, அது எந்த ஆராய்ச்சியில் கண்டுபிடித்தது? லெப்பர்ட் கதை கண்டுபிடித்த அதே ஆராய்ச்சியில்தான். வித்தியாசம் என்னவென்றால், வெள்ளைக்காரன் கட்டிய பொய்யால் சிறுத்தைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது தன்பாட்டுக்கு மான் பிடித்துத் தின்று கொண்டிருக்கின்றது. மனு கட்டிய பொய்யால் கிணற்றுத் தண்ணீர் போயிற்று, தெரு போயிற்று, படிப்புப் போயிற்று.

நிற்க, மிருகத்தைப் பார்ப்போம். விஞ்ஞானிகள் 1816இல் இருந்து "பாந்தெரா" என்கின்ற வகுப்புப் பேரை வழங்கி வருகின்றார்கள். சிங்கம், புலி, சிறுத்தை, தென் அமெரிக்க ஜாகுவார், பனிச்சிறுத்தை ஆகிய ஐந்தும் அந்த வகுப்பு. புளோரிடாக்காரன் பாந்தர் என்று கூப்பிடுகின்ற மிருகமோ இந்த வகுப்பிலேயே இல்லை. அது பூமா, கர்ஜிக்கக்கூடத் தெரியாது. அதையே ஓர் ஊரில் கூகர் என்பார்கள், மற்றோர் ஊரில் மலைச்சிங்கம் என்பார்கள்.

அந்தப் புளோரிடா மிருகத்துக்கு வந்த கதி கவனிக்கத் தக்கது. காடு அழிந்து, வேட்டையில் செத்து, கடைசியில் இருபது முப்பது உருப்படிகளே மிஞ்சின. மிஞ்சியவை தங்களுக்குள்ளேயே கூடிக் கூடி, வால் முறுக்கிக் கொண்ட குட்டிகளும், இருதயத்தில் கோளாறுள்ள குட்டிகளும், விதை இறங்காத ஆண் குட்டிகளுமாகப் பிறக்க ஆரம்பித்தன. 1995இல் சர்க்கார் டெக்ஸாஸில் இருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ஐந்து குட்டி போட்டன. வால் நேராயிற்று, தொகையும் பெருகி நூற்றைத் தாண்டிற்று. சுத்த ரத்தம், சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் என்று பெருமை பேசுகின்றவர்கள் இதைப் படித்துவிட்டு என்ன சொல்லுவார்களோ தெரியாது.

கறுப்புப் பாந்தர் என்று தனி இனம் ஒன்று இருப்பதாக அநேகர் நினைத்துக் கொண்டிருக்கின்றார்கள். கிடையாது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அது கறுத்த சிறுத்தை. தென் அமெரிக்காவில் கறுத்த ஜாகுவார். புள்ளி போட்ட தாய்க்கும் புள்ளி போட்ட தகப்பனுக்கும், ஒரே ஈற்றில் ஒன்று புள்ளியாகவும் ஒன்று கறுப்பாகவும் பிறக்கும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் கறுப்புக்குள்ளேயும் அதே புள்ளிகள் தெரியும். மலேயாக் காடுகளில் பெரும்பாலும் கறுப்புத்தான். நமது நீலகிரியிலும் தேயிலைத் தோட்டத்து ஓரங்களில் ஜனங்கள் பார்த்திருக்கின்றார்கள். தாய் கறுப்புக் குட்டிக்கு ஒரு பால், புள்ளிக் குட்டிக்கு ஒரு பால் என்று கொடுப்பதில்லை.

இந்தியாவில் வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள் பாந்தர் வேறு, லெப்பர்ட் வேறு, பெரியது பாந்தர், சிறியது லெப்பர்ட் என்று நெடுநாள் சண்டை போட்டார்கள். இரண்டும் ஒன்றுதான். தமிழிலும் நாம் யோக்கியர்களாக இல்லை. 2022இல் நமீபியாவில் இருந்து எட்டு சிவிங்கிகளைக் குனோ காட்டுக்குக் கொண்டுவந்த போது, நமது பத்திரிகைகளில் பல "சிறுத்தை வந்தது" என்று கொட்டை எழுத்தில் போட்டன. சிறுத்தை எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் இருக்கின்றது. இந்தியாவில் இல்லாமல் போய்விட்டதாக 1952இல் ஒப்புக்கொள்ளப்பட்டது சிவிங்கி.

1918 முதல் 1926 வரையில் இமயமலையில் ருத்ரப்பிரயாகைப் பக்கத்தில் ஒரு சிறுத்தை சர்க்கார் கணக்குப்படி 125 பேரைத் தின்றது. இடம் எதுவென்றால் கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் யாத்திரை போகின்ற ரஸ்தா! மோட்சத்துக்குப் போகின்ற வழியில் இருந்த ஸ்வாமி ஒருவரும் வந்து தடுக்கவில்லை. ஜனங்களோ அது மிருகமல்ல, பிசாசு என்று நம்பினார்கள். ஒரு சாதுதான் இராத்திரியில் சிறுத்தையாக மாறுகின்றான் என்று அவனைப் பிடித்துக் கொல்லவும் இருந்தார்கள் என்று ஜிம் கார்பெட் எழுதியிருக்கின்றார். கடைசியில் அவருடைய துப்பாக்கிக் குண்டுக்கு 1926இல் செத்தது. செத்துக் கிடந்தது பல் தேய்ந்த ஒரு கிழட்டு மிருகம்.

இனி மற்ற அர்த்தங்களில் பலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனியார் ஒரு டாங்கிக்குப் பாந்தர் என்று பேர் வைத்து 1943 ஜூலையில் குர்ஸ்க் யுத்தத்துக்கு அனுப்பினார்கள். மிருகத்தின் பேர் வைத்ததால் மோட்டார் ஓடிவிடவில்லை, அநேகம் வழியிலேயே நின்றுவிட்டன. 1963இல் வந்த சினிமாப் படமொன்றில் "பிங்க் பாந்தர்" என்பது ஒரு வைரக்கல். உள்ளே பாய்கின்ற சிறுத்தை போல ஒரு குறை இருந்ததால் அந்தப் பேர். பிறகு அது பொம்மைப்படத்து மிருகமாயிற்று. 2003இல் லண்டனில் நகைக் கடையைக் கொள்ளையடித்தவர்கள் வைர மோதிரத்தை முகத்தில் பூசும் களிம்பு டப்பாவில் மறைத்து வைத்திருந்தார்கள்; அந்தச் சினிமா வரிசையில் பின்னால் வந்த ஒரு படத்தில் வருகின்ற மாதிரியே இருந்ததால் அந்தத் திருட்டுக் கூட்டத்துக்கும் அதே பேர் வந்துவிட்டது. பந்தாட்டக் கோஷ்டிகள், கம்ப்யூட்டர் சரக்குகள் இவற்றையெல்லாம் விட்டுவிடுகின்றோம். விற்கின்றவன் எந்தப் பேரை வைத்தாலும் விற்கத்தான் வைக்கின்றான்.

ஆனால் அலபாமாவின் லவுண்டஸ் கவுண்டியில் அந்தப் பேர் வந்த விதத்தை விட முடியாது. அந்தக் கவுண்டியில் நூற்றுக்கு 80 பேர் கறுப்பர்கள். 1965ஆம் வருஷத் தொடக்கத்தில் ஓட்டர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பேர்கூட இல்லை. வெள்ளையர் பட்டியலிலோ, ஊரில் ஓட்டுப் போடும் வயதுள்ள வெள்ளையர் எத்தனை பேரோ அதைவிட அதிகம் பேர் இருந்தார்கள்! செத்தவனும் ஊரைவிட்டுப் போனவனும் பட்டியலில் உயிரோடு இருந்தான். உயிரோடு நின்று உழுகின்றவன் இல்லை. பதியப் போன குடியானவர்களை நிலத்தைவிட்டுத் துரத்தினார்கள். அவர்கள் ரஸ்தா ஓரத்தில் கூடாரம் அடித்துக் குடியிருந்தார்கள்.

அந்த மாகாணச் சட்டப்படி ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு படம் இருக்க வேண்டும். ஏனென்றால் அநேகருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அங்கே ஜனநாயகக் கட்சி என்று பேர் வைத்துக் கொண்டிருந்தவர்களின் சின்னம் வெள்ளைச் சேவல். அதற்கு மேல் "வெள்ளையர் மேலாதிக்கம்" என்று பகிரங்கமாக அச்சடித்திருந்தது. 1966இல்தான் அந்த வாசகத்தை எடுத்தார்கள். கறுப்பர்கள் ஜான் ஹியூலட் என்பவர் தலைமையில், ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலிய வாலிபர்கள் துணையோடு, தனிக்கட்சி கட்டினார்கள். வெள்ளைச் சேவலுக்கு எதிரே எந்தப் படம் போடுவது? அட்லாண்டாவில் ஒரு கறுப்பர் கல்லூரியின் விளையாட்டுச் சின்னமாக இருந்த சிறுத்தைப் படத்தை எடுத்துப் போட்டார்கள். அந்த மிருகம் வலிய வம்புக்குப் போகாது, மூலையில் தள்ளி நெருக்கினால்தான் பாயும் என்று ஹியூலட் விளக்கம் சொன்னார். 1966 நவம்பரில் நின்றவர்கள் எல்லோரும் தோற்றார்கள். ஆனால் 1970இல் அதே ஹியூலட் அதே கவுண்டியின் ஷெரீப் ஆனார். அதாவது கறுப்பனை அடித்து இழுத்துப் போகின்ற உத்தியோகம் அடி வாங்கினவன் கைக்கு வந்தது.

அந்தப் படத்தைத்தான் 1966 அக்டோபரில் கலிபோர்னியா ஓக்லாண்டில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் எடுத்துக் கொண்டு கறுஞ்சிறுத்தைக் கட்சி ஆரம்பித்தார்கள். போலீசார் கறுப்பர்களைத் தெருவில் நிறுத்தி அடிக்கின்ற இடத்துக்குச் சட்டப்புஸ்தகமும் துப்பாக்கியுமாகப் போய் நின்றார்கள். அந்த மாகாணத்தில் பகிரங்கமாகத் துப்பாக்கி வைத்திருப்பது அப்போது குற்றமல்ல. கறுப்பன் கையில் அது வந்தவுடனே 1967இல் சட்டத்தையே மாற்றினார்கள். 1969இல் இருந்து பள்ளிக்கூடம் போகின்ற ஏழைப் பிள்ளைகளுக்குக் காலைப் பலகாரம் இலவசமாகப் போட்டார்கள், வைத்தியசாலை வைத்தார்கள். தேசத்தின் ரகசியப் போலீஸ் தலைவரான ஹூவருக்குத் துப்பாக்கியைவிட இந்தப் பலகாரம்தான் அதிகக் கலக்கத்தைக் கொடுத்தது. 1969 டிசம்பர் 4ந்தேதி விடியுமுன் சிகாகோவில் பிரெட் ஹாம்ப்டன் என்கின்ற 21 வயது வாலிபனைப் படுக்கையிலேயே போலீசார் சுட்டுக் கொன்றார்கள். இந்தக் கட்சியார் செய்ததெல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. தலைவர்களின் அகங்காரமும், உள்சண்டையும், துப்பாக்கி மோகமும் சேர்ந்து 1982இல் கட்சியே இல்லாமல் போயிற்று. ஆனால் பேர் நிற்கவில்லை. 1971இல் நியூசிலாந்தில் பசிபிக் தீவுக்காரர்களும், ஜெருசலேமில் கிழக்கத்திய யூதர்களும் தங்களைப் பாந்தர் என்று சொல்லிக் கொண்டார்கள். அமெரிக்காவில் 65 வயதானால் வீட்டுக்குப் போ என்று துரத்தப்பட்ட மேகி கூன் என்கின்ற அம்மையார் 1970இல் கட்டிய கிழவர் சங்கத்துக்கு "நரைச் சிறுத்தைகள்" என்று பேர் வந்தது.

இந்தியாவுக்கு அது வந்தது 1972இல். அதற்குத் தூண்டுகோல்களில் ஒன்றாக இருந்தது நமது சிதம்பரத்துப் பக்கத்து எல். இளையபெருமாள் அவர்கள் தலைமையில் அமைந்த கமிட்டியின் அறிக்கை. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தேசமெங்கும் நடக்கின்ற கொடுமைகளை 1969இல் அந்தக் கமிட்டி எழுதிக் கொடுத்தது. சர்க்கார் அதைப் பீரோவில் வைத்துவிட்டது. பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே. வி. பவார், ராஜா தாலே முதலிய வாலிபர்கள் பொறுக்கமாட்டாமல் "தலித் பாந்தர்" ஆரம்பித்தார்கள். 1973இல் வெளியிட்ட அறிக்கையில் தலித் என்பது ஒரு ஜாதி என்று சொல்லவில்லை. நிலமற்ற கூலி, ஏழைக் குடியானவன், பெண்கள், சுரண்டப்படுகின்ற எல்லோரும் என்று சொன்னார்கள். அடுத்த வருஷமே மார்க்சா புத்தரா என்று சண்டை போட்டுப் பிரிந்தார்கள். எதிரி அப்படியே இருக்கும் போது தத்துவத்துக்காகத் தலையை உடைத்துக் கொள்ளுகின்ற வியாதி எல்லா இயக்கத்துக்கும் உண்டு. அதில் நமக்குள்ள துக்கம் கொஞ்சமல்ல.

பேர் வைத்தவுடன் பெரிய மனிதர்களும் பெரிய பத்திரிகைகளும், "ஐயோ, மிருகத்தின் பேரா? பலாத்காரமல்லவா?" என்று கூச்சல் போட்டார்கள். நாம் கேட்கின்றோம். தூணைப் பிளந்து வந்து ஒருவன் குடலைக் கிழித்து மாலையாகப் போட்டுக் கொண்ட பாதிச் சிங்கத்துக்குக் கோயில் கட்டிப் பானகம் நைவேத்தியம் செய்கின்றீர்களே, அது சாந்தமா? அம்மன் ஏறி வருவது பசுமாட்டின் மேலா? சந்நியாசி உட்காருவது எந்த மிருகத்தின் தோலில்? சோழன் கொடியில் புலி இருந்தால் வீரம். இங்கிலீஷ் ராஜாவின் முத்திரையில் சிங்கம் இருந்தால் கம்பீரம். நமது ரூபாய் நோட்டில் சிங்கம் இருந்தால் தேசியம். குடிசையில் இருக்கின்றவன் ஒரு சிறுத்தைப் படத்தைச் சட்டையில் குத்திக் கொண்டால் மட்டும் பலாத்காரமா? அவனுக்கு நீங்கள் வைத்த பேர்களை ஆயிரக்கணக்கான வருஷம் அவன் சுமந்தானே, அவற்றில் ஒன்றாவது ஒரு மனிதனுக்கு வைக்கக்கூடிய பேரா?

தமிழ்நாட்டில் 1982இல் மதுரையில் மலைச்சாமி அவர்கள் இந்தச் சிறுத்தை இயக்கத்தைக் கொண்டுவந்தார். 1989இல் அவர் காலமான பிறகு திருமாவளவன் அவர்கள் தலைமைக்கு வந்து, அது விடுதலைச் சிறுத்தைகள் ஆயிற்று. தேர்தலைப் பகிஷ்கரித்து வந்தவர்கள் 1999இல் தேர்தலில் இறங்கினார்கள். அலபாமாக்காரர்களைப் போலச் சிறுத்தைப் படம் போட்டு ஓட்டுக் கேட்க இங்கே வழியில்லை. விலங்குகளைப் புதிதாகச் சின்னமாகக் கொடுப்பதைத் தேர்தல் கமிஷன் நிறுத்தி வெகு நாளாயிற்று. 2024 பார்லிமெண்ட் தேர்தலில் சிதம்பரத்திலும் விழுப்புரத்திலும் அவர்கள் நின்று ஜெயித்த சின்னம் மண்பானை. பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில், தீண்டாதவன் எச்சில் தரையில் விழக்கூடாதென்று கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டு நடக்க வேண்டியிருந்ததாக டாக்டர் அம்பேத்கர் எழுதியிருப்பதும் ஒரு மண்பானையைத்தான்.